வடம் பிடித்தவர் பெயரையும் சொல்லுங்கள்

(இசை ரசிகர் கூட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது. கைதட்டல்களையும், மைக் இரண்டு முறை அலறியதையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விழாவைத் தொடங்கி வைத்த முன்னாள் நீதிபதி ஐயா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் வயலின் வித்வான் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி உண்மைக்குச் சற்று அதிகமாகவே நல்ல வார்த்தை சொன்ன செயலாளர் அவர்களே, கணக்கைச் சிக்கனமாக வாசித்து முடித்த பொருளாளர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, எந்த நிமிடமும் கிளம்பலாம் என்று கதவோரம் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் ஒரு வணக்கம் பாக்கி. அந்த மூலையில் மிக்ஸருக்குப் பின்னால் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். அழைப்பிதழில் பதினொரு பெயர் அச்சாகியிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், அவர் பெயர் இல்லை. அவர் ஒரு குமிழைத் திருகினால் பதினொரு பேரும் ஊமை. வணக்கம் தம்பி. அப்புறம் உங்களிடம் வருகிறேன்.

எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று உண்டு. என் பேச்சை முன்பே கேட்டவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ‘ஊர் கூடித் தேர் இழு.’ இதைச் சொல்லாமல் என்னால் ஒரு மேடையிலிருந்து இறங்க முடியாது. இன்று எத்தனை முறை வரும் என்று உத்தரவாதம் தர முடியாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பிடித்த குழு, பிடித்த பாட்டு’. ‘ராக், ஜாஸ், ஹிப்ஹாப், நம்ம ஊர் இசை, எதிலிருந்து வேண்டுமானாலும் பத்துப் பாட்டு சொல்லுங்கள் சார், போதும்’ என்றார் செயலாளர். பத்தும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாகப் பிரித்துப் பேசத் திட்டம். ஒன்று, இந்த வகைகள் எங்கிருந்து வந்தன. இரண்டு, ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய பாட்டுகள். மூன்று, பாட்டைப் பிடிக்காதவரிடம் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கலை.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வகை என்பது பெரும்பாலும் தட்டை அடுக்குகிறவர்கள் ஒட்டிய சீட்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை ‘இனத் தட்டுகள்’ என்று தனியாகப் பட்டியல் போட்டு வந்தார்கள். 1949இல் பில்போர்ட் பத்திரிகை அந்தப் பட்டியலின் பெயரை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றியது. அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் கொடுத்த பெயர். மறுநாள் காலையில் எந்தப் பாட்டின் சுருதியும் மாறியிருக்கவில்லை, சீட்டு மட்டும் மாறியிருந்தது. அவ்வளவுதான் வகை.

இரண்டாவதுக்கு வருகிறேன். நீதிபதி ஐயா தொடக்க உரையில் ஒன்று சொன்னார். ‘ஹெவி மெட்டல் என்கிறார்கள், எனக்கு அது தகரத்தை உருட்டுகிற சத்தமாகத்தான் கேட்கிறது’ என்றார். அரங்கமே சிரித்தது. ஐயாவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர் தீர்ப்பை மேல்முறையீடு செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி, அவருக்கே தெரியாமல், முழு உண்மை. அந்த இசை பிறந்த இடங்களில் ஒன்று தகடு வெட்டும் தொழிற்சாலை.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். டோனி அயோமி என்று ஒரு பையன், பதினேழு வயது. பகலில் தகட்டுப் பட்டறையில் வெல்டிங், இரவில் கிட்டார். ஐரோப்பாவுக்குப் போய் வாசிக்கிற ஒரு குழுவில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. வேலைக்கு முழுக்குப் போட்டாயிற்று. அன்றைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் அம்மாவிடம் ‘இனி போகப் போவதில்லை’ என்கிறான். அம்மா விடவில்லை. ‘ஒத்துக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்புகிறார். எந்த அம்மாதான் வேறு மாதிரி சொல்வார்? பையன் போனான். அன்றைக்கு என்று பார்த்து, தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர் வரவில்லை. ‘நீ நில்’ என்றார்கள். பழக்கமில்லாத இயந்திரம். கை உள்ளே இருக்கும்போது மேலே இருந்தது இறங்கிவிட்டது. பதறிப்போய்க் கையை வெடுக்கென்று இழுத்தான். நடுவிரலின் நுனியும் மோதிர விரலின் நுனியும் உள்ளேயே தங்கிவிட்டன.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. போனது வலது கை விரல்கள். ‘வலது கைதானே, மீட்டுகிற கைதானே, சமாளிக்கலாம்’ என்று நினைப்பீர்கள். அவன் இடது கைக்காரன். மீட்டுவது இடது கை, தந்தியை அழுத்துவது வலது கை. அழுத்துகிற விரலில் நுனி இல்லை.

வீட்டில் சுருண்டு கிடந்தவனைப் பார்க்க அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் வருகிறார். கையில் ஒரு இசைத்தட்டு. ‘இதைக் கேள்’ என்கிறார். பையனுக்கு எரிச்சல். கிட்டார் வாசிக்க முடியாமல் கிடக்கிறவனிடம் கிட்டார் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? ‘வேண்டாம்’ என்கிறான். மனிதர் விடவில்லை. போட வைக்கிறார். அபாரமான வாசிப்பு. முடிந்த பிறகுதான் சொல்கிறார்: ‘இதை வாசித்தவருக்கு இரண்டு விரல்தான் வேலை செய்யும்.’

தட்டில் இருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். நாடோடி வண்டியில் வாழ்ந்த ஜாஸ் கலைஞர். 1928இல் அந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டை வைத்துக்கொண்டு புது வாசிப்பு முறையையே உண்டாக்கினார். 1934இல் பாரிஸில் அவரும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்து வாசித்த குழுவை இன்றைக்கும் கேட்கலாம். வித்வான் அவர்கள் தலையாட்டுகிறார், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பையன் எழுந்து உட்கார்ந்தான். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினான். விரலுக்குத் தொப்பி மாதிரி குடைந்து, தேய்த்து, மாட்டிப் பார்த்தான். தந்தி வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன் மேல் ஒட்டினான். சாதாரணத் தந்தியை அழுத்த முடியவில்லை என்று பாஞ்சோவின் மெல்லிய தந்தியை எடுத்துக் கிட்டாரில் கட்டினான். பின்னால் தந்தியின் முறுக்கையும் தளர்த்தினார்கள். சுருதி கீழே இறங்க, அந்தக் கனத்த, இருண்ட நாதம் வந்தது. அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை.

கொடுத்தது ஜாஸ் தட்டு, திரும்பி வந்தது ஹெவி மெட்டல். நீதிபதி ஐயா, இன்று இரவு ஒரு பாட்டு கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பழைய தீர்ப்பே நிற்கட்டும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் அயோமி அல்ல, ஜாங்கோவும் அல்ல. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த மேலாளர். ஊர் கூடித் தேர் இழு என்றால் இதுதான். தேரின் மேலே இருப்பவர் எல்லார் கண்ணுக்கும் தெரிவார். வடத்தின் கடைக்கோடியில் ஒரு கை வைத்தவரையும், சக்கரத்துக்கு அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரையும் யார் பார்க்கிறார்கள்? அவர் கட்டையைச் சரியாகப் போடாவிட்டால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும்.

பட்டியலில் இன்னும் எட்டுப் பாட்டு இருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். வருகிறேன். அதற்கு முன் என் அவமானம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பிங்க் ஃபிளாயிட் குழுவின் 1973 ஆல்பம், ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. அதில் ஒரு பாட்டில் பாடுகிற வார்த்தையே கிடையாது. ஒரு பெண் குரல் மட்டும் அழுது, ஏறி, உடைந்து, கடைசியில் மெல்ல அடங்கும். இருபது வருடமாக வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ‘பிங்க் ஃபிளாயிட், கேளுங்கள்’ என்பேன். ஒரு நாள் நண்பரின் மகள் கேட்டாள், பதினான்கு வயது. ‘பிங்க் ஃபிளாயிட்ங்கிறது இந்த அம்மாவா மாமா?’

‘இல்லம்மா, அது குழுவின் பெயர். இவர் பின்னணி பாடுகிறவர்.’

‘இவங்க பேர் என்ன?’

தெரியவில்லை. ‘யாரோ ஒரு பாடகி’ என்றேன். அவள் எழுந்து போய் உறையை விரித்தாள், விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள். ‘கிளேர் டோரி. இங்கே போட்டிருக்கே மாமா’ என்றாள். இருபது வருடம் என் வீட்டு அலமாரியில் அச்சாகி இருந்த பெயர். நான் படிக்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வார்த்தை வேண்டாம் என்றார்கள். அப்படியானால் என் குரலையே ஒரு கருவியாக நினைத்துக்கொள்கிறேன் என்று பாடியிருக்கிறார். முடித்ததும் சங்கடப்பட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார், இதை எங்கே சேர்க்கப் போகிறார்கள் என்ற நினைப்போடு. கூலி 30 பவுண்ட். அந்தப் பாட்டை ஆக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004இல் வழக்குப் போட்டார். மறுவருடம் சமரசமாக முடிந்தது. அதன் பிறகு, பாட்டை ஆக்கியவர் என்ற இடத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு இவர் பெயரும் சேர்ந்தது. முப்பத்திரண்டு வருடம்!

அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. எந்தப் பாட்டைக் கேட்டாலும், யார் வாசித்தது, யார் பதிவு செய்தது என்று கேட்டுத் தொல்லை கொடுப்பேன். என் வீட்டில் பாட்டுப் போடவே பயப்படுகிறார்கள்.

அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகள் 1960களில் உலகத்தையே ஆட்டிவைத்தன. பின்னால் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் பேஸ் கிட்டாரைத் துள்ளவைத்தவர். பாட்டுக்குப் பாட்டு அவர் இருக்கிறார், உறைக்கு உறை அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாயின. இந்தப் பாட்டுகளை நண்பருக்கு அனுப்புகிறோம், பாடகர் பெயரைப் போடுகிறோம். தேர் மேல் இருப்பவரைக் கும்பிட்டுவிட்டு, வடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறோம்.

நம் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லாவிட்டால் பொருளாளர் அம்மா என்னை விடமாட்டார். இளையராஜாவின் 1986 ஆல்பம். தியாகராஜருக்கும், ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் அவர்களுக்கும் காணிக்கையாக்கியது. அதன் தலைப்பே ‘ஹவ் டு நேம் இட்’, இதற்கு என்ன பெயர் வைப்பது! வகைப் பிரிவினைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. சரி, அதில் வயலின்? வி. எஸ். நரசிம்மன். இனி அதை யாருக்காவது அனுப்பும்போது அந்தப் பெயரையும் தட்டச்சு செய்யுங்கள். பத்து விநாடி ஆகுமா?

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘ஐந்து நிமிடம்’. அவர் எழுத்து அழகு. மூன்றாவது விஷயமான பாட்டைக் கொண்டுசேர்க்கும் கலை இன்னும் தொடவே இல்லை. அடுத்த ஆண்டு கூப்பிட்டால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பட்டியலில் இருந்த கிராஃப்ட்வெர்க், அந்த ஜெர்மன் மின்னிசைக்காரர்களின் மெட்டு 1982இல் நியூயார்க் ஹிப்ஹாப்புக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்பதையும் வெளியே நின்று பேசிக்கொள்வோம்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதாமாதம் உறுப்பினர்களின் பிடித்த பாட்டுப் பட்டியல் சுற்றுக்கு விடுகிறீர்கள். அதில் பாட்டு, குழு, வகை என்று மூன்று கட்டம் இருக்கிறது. வகைக் கட்டத்தை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘உடன் வாசித்தவர்’ என்று போடுங்கள். ஒரே ஒரு பெயர் போதும். பெயர் தெரியாதவர் கட்டத்தைக் காலியாக விடட்டும். அடுத்த மாதம் வேறு யாராவது நிரப்புவார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கத்தானே மன்றம் வைத்திருக்கிறோம்?

பட்டியலின் பத்தாவது பாட்டை மட்டும் போட்டுவிட்டு உட்காருகிறேன். தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு, 1969, ‘ஏமென், பிரதர்’. ஒரு தட்டின் மறுபக்கத்தை நிரப்பப் போட்ட பாட்டு. நடுவில் மற்றவர்கள் எல்லாம் நிறுத்த, டிரம்ஸ் மட்டும் தனியாக நான்கு சுற்று வரும். ஏறக்குறைய 7 விநாடி. சாம்ப்ளர் கருவி வந்த பிறகு அந்த 7 விநாடியை வெட்டி ஹிப்ஹாப்பில் ஒட்டினார்கள். வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக நறுக்கி, அதன் மேல் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று புது வகைகளையே கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. கதவோரத் தம்பிகளே, நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். வாசித்தவர் கிரெகரி கோல்மன். அந்த 7 விநாடிக்காக ஒரு காசும் வாங்காமல், 2006இல் வறுமையில் இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் வசூல் செய்து 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். அப்போது கோல்மன் இல்லை.

மிக்ஸர் தம்பி, தட்டைப் போடுங்கள். 1 நிமிடம் 26 விநாடியில் அந்த இடம் வரும், அப்போது ஒலியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதற்கு முன்னால் மைக்கை உங்கள் பக்கம் இழுத்து, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.