வரைபடமும் வாக்குச்சீட்டும்: பாலினச் சமத்துவத்தைக் காத்து நின்றவர்கள்

அவைத் தலைவர் அவர்களே, இந்த அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, மாணவத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டிலும் 1995-இல் பெய்ஜிங்கில் நடந்த பெண்கள் மாநாட்டிலும், தன் உடலைப் பற்றியும் மகப்பேற்றைப் பற்றியும் முடிவெடுப்பது பெண்ணின் உரிமை என்ற நிலைப்பாடு உலக நாடுகளின் ஆவணங்களில் இடம்பெற்றது. அதற்கு வத்திக்கான் தரப்பிலிருந்து எழுந்த எதிர்வாதத்தில்தான் 'பாலினக் கருத்தியல்' என்ற சொல்லாட்சி உருவெடுத்தது. இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கருக்கலைப்பு உரிமை, பள்ளிகளில் பாலியல் கல்வி, திருநர்களின் சட்ட அடையாளம், குடும்ப வன்முறைத் தடுப்பு ஆகிய அனைத்தும் பல நாடுகளில் ஒருசேரத் தாக்கப்படுகின்றன. இந்த எதிரியக்கத்தின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. அதை எதிர்த்து நின்றவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதையே இன்று நான் பேச விரும்புகிறேன்; ஏனெனில் பேரணிகளின் படங்கள் நம் கண்ணில் பட்ட அளவுக்கு, அவற்றின் பின்னால் நடந்த பொறுமையான வேலை நம் கவனத்துக்கு வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

போலந்தை எடுத்துக்கொள்வோம். 2019 முதல் அந்நாட்டின் ஏறக்குறைய நூறு உள்ளாட்சி அமைப்புகள், 'எல்ஜிபிடி கருத்தியலுக்கு', அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரின் உரிமைக் குரலுக்கு, இடமில்லை என்றோ, மரபான குடும்பத்தை மட்டுமே ஆதரிப்போம் என்றோ தீர்மானம் நிறைவேற்றின. அந்த உள்ளாட்சிகளின் பரப்பைச் சேர்த்தால் நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரும். நான்கு செயற்பாட்டாளர்கள் அந்தத் தீர்மானங்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டி, 'வெறுப்பின் வரைபடம்' என்ற பெயரில் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். பார்ட் ஸ்டாஷெவ்ஸ்கி என்ற செயற்பாட்டாளர், 'எல்ஜிபிடி இல்லாத பகுதி' என்று நான்கு மொழிகளில் எழுதிய மஞ்சள் பலகையை அந்தந்த ஊரின் பெயர்ப்பலகையோடு சேர்த்து நிறுத்தி, அங்கே வாழும் பால்புதுமையினரை அதன் அருகில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். தீர்மானத்தின் வழவழப்பான சொற்களுக்குள் ஒளிந்திருந்த பொருள் அந்தப் பலகையில் வெளிப்படையாக நின்றது. வரைபடத்தை உருவாக்கியவர்கள்மீதும் ஸ்டாஷெவ்ஸ்கிமீதும் சில உள்ளாட்சிகள் வழக்குத் தொடுத்ததிலிருந்தே, அது எங்கே தைத்தது என்பது விளங்கும்.

அதன் விளைவு தெருவில் மட்டும் நிற்கவில்லை. அப்படித் தீர்மானம் நிறைவேற்றிய துஹூஃப் நகரத்தோடு நட்பு ஒப்பந்தம் வைத்திருந்த பிரெஞ்சு நகரம் ஒன்று 2020-இல் அந்த உறவை முறித்துக்கொண்டது. அதே ஆண்டு, இத்தகைய ஆறு நகரங்கள் நகர இணைப்புத் திட்டத்தின்கீழ் கேட்ட நிதியை ஐரோப்பிய ஆணையம் மறுத்தது. 2021-இல் மாகாணங்களின் நிதியும் கேள்விக்குள்ளானதும், அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானங்களைத் திரும்பப் பெற்றன. கடைசித் தீர்மானம் வான்சூட் பகுதியில் 2025 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் ஒரு பட்டியலை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. இதே போலந்தில் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்த 2020 அக்டோபர் தீர்ப்புக்கு எதிராக லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். 2023-இல் ஆட்சியும் மாறியது. ஆனாலும் அந்தத் தடை விலகவில்லை. அந்தத் தோல்வியையும் சேர்த்தே சொல்வது நேர்மை.

ஹங்கேரியின் வழி வேறு. 2022 ஏப்ரல் 3 அன்று, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து, 'குழந்தைப் பாதுகாப்பு' என்ற பெயரில், பாலின ஈர்ப்பையும் பாலின மாற்றத்தையும் பற்றிக் குழந்தைகளிடம் பேசுவது குறித்த நான்கு கேள்விகள் கொண்ட பொதுவாக்கெடுப்பை விக்டர் ஓர்பானின் அரசு நடத்தியது. வேண்டாம் என்று வாக்களித்தாலும், பால்புதுமையினரால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று அந்தக் கேள்விகளுக்குள் பொதிந்திருந்த அவதூறை ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும் என்பதை மனித உரிமை அமைப்புகள் உணர்ந்தன. ஆகவே, 'ஆம்', 'இல்லை' இரண்டிலும் குறியிட்டு வாக்கைச் செல்லாததாக்குங்கள் என்று அவை மக்களைக் கேட்டுக்கொண்டன. தேர்தல் குழு அந்த அமைப்புகளுக்கு அபராதம் விதித்தது. இருந்தும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறே செய்தார்கள். செல்லத்தக்க வாக்குகள் வாக்காளர்களில் பாதியை எட்டாததால் வாக்கெடுப்பே செல்லாமல் போயிற்று. அதே நாளில் ஓர்பான் மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வென்றார் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். அவருடைய கட்சி பெருவெற்றி பெற்ற நாளிலேயே அவர் கேட்ட பதிலைக் கொடுக்க மறுக்கும் வழி மக்களுக்கு இருந்தது.

2025 மார்ச்சில் அதே அரசு பால்புதுமையினரின் பெருமிதப் பேரணியைத் தடுக்கச் சட்டம் இயற்றி, கலந்துகொள்பவர்களை முகமறியும் தொழில்நுட்பத்தால் கண்டுபிடிக்கவும், அவர்களுக்கு 2 லட்சம் ஃபோரின்ட் வரை அபராதம் விதிக்கவும் இடம் வைத்தது. புடாபெஸ்ட் மேயர் கெர்கெய் கராச்சோன் அந்தப் பேரணியை நகராட்சியே நடத்தும் நிகழ்ச்சியாக அறிவித்தார். ஜூன் 28 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் டான்யூப் ஆற்றின் பாலத்தைக் கடந்து நடந்தார்கள். ஒரு லட்சம் முகங்களுக்கு அபராதச் சீட்டு எழுத எந்தக் காவல்துறையாலும் முடியாது. பங்கேற்றவர்கள்மீது நடவடிக்கை இல்லை என்று பின்னர் காவல்துறையே அறிவித்தது.

ருமேனியாவில் பாலின ஆய்வுகளைக் கல்வி நிலையங்களிலிருந்து விலக்க 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பல்கலைக்கழகங்கள் எதிர்த்தன. அவ்வாண்டு டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இவையெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று யாரேனும் நினைத்தால் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவைப் பாருங்கள். பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு அங்கே 2015-இல் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை மேற்கத்தியத் திணிப்பு என்று சொல்லி அதை நீக்கும் மசோதா வந்தபோது, 2024 மார்ச்சில் 42 நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் நால்வர் மட்டுமே. அடுத்த நான்கு மாதங்களில், அந்த வேதனையைத் தம் உடலில் சுமந்த பெண்களும் மருத்துவர்களும் நாடாளுமன்றக் குழுவின் முன் சென்று சாட்சி சொன்னார்கள். தங்களுக்குச் சிறுவயதில் நேர்ந்ததை அந்நிய ஆண்கள் நிறைந்த அவையில் எடுத்துச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அது வெளிநாட்டார் கொடுத்த துணிவு அன்று. ஜூலை 15 அன்று அதே நாடாளுமன்றம் மசோதாவை நிராகரித்தது.

லாட்வியாவில் இன்னும் முடிவாகவில்லை. பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையிலிருந்து விலக 2025 அக்டோபர் இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றம் வாக்களித்தது. குடியரசுத் தலைவர் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் ரீகாவில் திரண்டார்கள். அடுத்த தேர்தல் முடியும் வரை முடிவைத் தள்ளிவைக்க உறுப்பினர்கள் இசைந்தார்கள். உடன்படிக்கையில் நாடு நீடிப்பதா இல்லையா என்பது 2026 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்படும் நாடாளுமன்றத்தின் கையில் விடப்பட்டது.