மக்காச்சோளம் வகுத்த நாட்கள்: மலாவி கிராமத்தில் ஒரு தன்னார்வ ஆசிரியை

அவைத் தலைவர் அவர்களே, அயல்நாட்டுத் தன்னார்வப் பணிக்குச் செல்ல எண்ணி இங்கு வந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

'ஆப்பிரிக்காவில் என் சேவை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆப்பிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம். அதில் நான் அறிந்தது மலாவி ஒன்றை மட்டுமே, அதிலும் நாட்டின் நடுப்பகுதியில் டோவா மாவட்டத்துக் கிராமம் ஒன்றைத்தான். ஆகவே, அந்த ஒரு கிராமத்தில் கணிதம் கற்பிக்கப் போன ஒருத்தியின் நாள் எப்படிக் கழியும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தன்னார்வலர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பும் அமைப்புகளான பிரிட்டனின் வி.எஸ்.ஓ. 1958-லும் அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் 1961-லும் தொடங்கப்பட்டன. மலாவி விடுதலை பெற்றது 1964 ஜூலை 6 அன்று; அதற்கு முந்தைய ஆண்டே பீஸ் கார்ப்ஸ் ஆசிரியர்கள் அந்நாட்டுக்கு வந்துவிட்டார்கள். எனவே, வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர் அங்குள்ள முதியவர்களுக்குப் புதுமையே அல்ல. தமக்குப் பாடம் நடத்தியவர்களையும், பாதியில் ஊர் திரும்பியவர்களையும் அவர்கள் வரிசையாகச் சொல்லக் கேட்கும்போது, ஏதோ பெரிய காரியம் செய்ய வந்திருக்கிறோம் என்ற நம் நினைப்பு முதல் வாரத்திலேயே கரைந்துவிடும்.

விடியும் முன்பே அடிபம்படியில் வாளிகள் வரிசை கட்டிவிடும். அங்கு இருப்பது அஃப்ரிடேவ் என்னும் வகை. 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் அதை வடிவமைத்தபோதே, வெளியூர் மெக்கானிக்குக்குக் காத்திராமல் ஊராரே கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை நோக்கமாகக் கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு காசு வசூலித்து வைத்திருக்கும் தண்ணீர்க் குழுப் பெண்கள், ஒற்றை ஸ்பேனரைக் கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, தேய்ந்த வாஷரை மாற்றி, மதியத்துக்குள் தண்ணீர் வரவைத்துவிடுவார்கள். 'வளர்ச்சிப் பணியாளர்' என்று அடையாள அட்டை வைத்திருந்த நான் அப்போது வாளியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அங்கு எனக்கு வேலை இல்லை.

உணவு ன்சிமா. மக்காச்சோள மாவில் கொஞ்சத்தை நீரில் கரைத்துக் கஞ்சியாகக் கொதிக்கவிட்டு, பிறகு பிடி பிடியாக மாவைச் சேர்த்து, மரத்துடுப்பால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைக்கு இது எளிதில் பிடிபடும். இறுகியதும் நீரில் நனைத்த அகப்பையால் வழித்துத் தட்டில் அடுக்குவார்கள். தொட்டுக்கொள்ளப் பூசணி இலையோ கடுகுக் கீரையோ இருக்கும். வேர்க்கடலையை இடித்துப் போட்டால் விருந்து. சாப்பிடும் முன் ஒருவர் பாத்திரத்தோடு வந்து அனைவர் கையிலும் நீர் ஊற்றுவார். வேறு என்ன சாப்பிட்டிருந்தாலும், ன்சிமா உண்ணாத நாளைச் சாப்பிட்ட நாளாக அங்கு எவரும் கருதுவதில்லை.

இந்த மக்காச்சோளம்தான் ஊரின் ஆண்டையே வகுக்கிறது. நவம்பர், டிசம்பரில் முதல் மழைக்கு விதைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. இடையே ஜனவரி முதல் மார்ச் வரை குதிர்கள் காலியாகிவிடும். சந்தையில் மாவு விலை ஏறும். நிலம் குறைந்த குடும்பங்கள் அப்போது வசதியுள்ளவர்களின் வயலில் கான்யு எனப்படும் கூலி வேலைக்குப் போய், ஒரு கூடை சோளமோ கொஞ்சம் காசோ பெறுகின்றன. ஆனால் களையெடுக்க வேண்டிய பருவமும் அதுவே. பிறர் வயலில் களை பறிக்கும் நாட்களில் சொந்த வயலில் களை மண்டுகிறது, விளைச்சல் குறைகிறது, அடுத்த ஜனவரியில் குதிர் இன்னும் சீக்கிரமாகவே காலியாகிறது. சோம்பலால் வறுமை என்று பேசுபவர்கள் ஒரு பிப்ரவரி மாதம் அங்கு போய் இருந்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்த மாதங்களில் என் வகுப்பின் பின்வரிசைகள் காலியாகக் கிடக்கும். வந்த பிள்ளைகளும் பதினொரு மணிக்கு மேல் கரும்பலகையைப் பார்ப்பார்களே தவிர, எதுவும் மனத்தில் ஏறாது. எனவே கடினமான பாடங்களை அறுவடைக்குப் பின் வைத்துக்கொண்டு, பசிக்காலத்தில் காலை முதல் இரு பாடவேளைகளில் பயிற்சிக் கணக்குகளை மட்டும் போடச் செய்யலாம் என்று உள்ளூர் ஆசிரியர் ஒருவர் சொல்லித் தந்தார். எங்கள் பயிற்சி முகாமில் இதை எவரும் சொல்லவில்லை.

மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. தன்னார்வலருக்கு மாதப்படி தவறாமல் வந்துவிடும். ஊரே ஒரு வேளை உண்ணும் மாதத்திலும் அவர் மூன்று வேளை உண்பார். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்னும் பொருளில் 'ஓடி' என்று அவ்வூர் வழக்கப்படி குரல் கொடுத்து, ஏதேனும் கூலி வேலை உண்டா என்று மாணவனின் தாயே கேட்பார். முற்றம் பெருக்கச் சொல்லிக் கூலி கொடுப்பதா, சும்மா கொடுப்பதா, ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு இல்லை என்பதா? நான் வேலை கொடுத்தேன். ஊரில் வழக்கமான கூலிக்கு மேல் கொடுக்கவில்லை. அது கருமித்தனம் என்று உடன் பணியாற்றிய ஒருவர் வாதிட்டார். கூலியை நான் உயர்த்தினால் சிறு விவசாயிகளுக்கு ஆள் கிடைக்காமல் போகும் என்பதே என் விடை. இன்றும் அதில் எனக்கு மாற்றமில்லை.

ஊரில் சாவு விழுந்தால் வயல் வேலை நின்றுவிடும். இடுப்பில் சிட்டென்ஜே துணியைச் சுற்றிக்கொண்டு, மாவோ விறகோ எடுத்துச் சென்று, பெண்களோடு தரையில் அமர வேண்டும், பேச வேண்டியதில்லை. வகுப்பில் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும், சாவுக்கு வராத ஆசிரியை அந்த ஊருக்கு அந்நியரே.

இறுதியாக, புறப்பட இருப்பவர்களுக்கு. 1994-இல் மலாவி அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியபோது ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்தார்கள். அதற்கேற்ப ஆசிரியர்கள் பெருகவில்லை. அந்த இடைவெளியில்தான் உங்களை அமர்த்துகிறார்கள். எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், உங்களோடு அதே வகுப்பில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள். உங்கள் பணிக்காலம் எந்த மாதத்தில் முடிகிறது என்றும் பாருங்கள். பிப்ரவரியில் முடிவதாக இருந்தால், பள்ளி ஆண்டின் இறுதிவரை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.