நோய் முந்துமா, நாம் முந்துவோமா?

வணக்கம். 1901ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில், மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், ஆகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் அவருடைய பெயரைக் கேட்டார். "ஆகுஸ்தே" என்றார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் "ஆகுஸ்தே" என்றே விடை வந்தது. 1906இல் அந்தப் பெண் இறந்த பிறகே அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய முடிந்தது. இறந்த பிறகே என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று, பேசிச் சிரித்துக்கொண்டிருப்பவரின் மூளையையே ஸ்கேனில் பார்க்கிறோம்.

அந்த மருத்துவரின் பெயராலேயே அல்சைமர் என்று அழைக்கப்படும் இந்த மறதி நோயில் அமிலாய்டு என்னும் புரதம், மறதி வெளியே தெரிவதற்கு 10, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் படியத் தொடங்கிவிடுகிறது. பிறகு, இரு பக்கமும் காதுக்கு நேர் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி சுருங்குகிறது. வயது ஏறினாலும் அது சற்றுச் சுருங்கும் என்பதால், எது முதுமை, எது நோய் என்று தொடக்கத்திலேயே பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் கடினம். இங்கேதான் டீப் லேர்னிங் எனப்படும் ஆழ்கற்றல் என்ற கணினி முறை வருகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் அதற்கு விதி வகுத்துத் தருவதில்லை. ஆயிரக்கணக்கான படங்களையும் அவற்றுக்குரிய விடைகளையும் கொடுத்தால், தவறும்போதெல்லாம் தன்னைத் திருத்திக்கொண்டு அதுவே கற்றுக்கொள்கிறது.

இப்படி நோயைக் கண்டறிய நாங்கள் உருவாக்கிய முதல் கணினி நிரல், தேர்வில் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெற்றது. எனக்கு மகிழ்ச்சியை விட ஐயமே மிகுந்தது. ஒருவருடைய எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ரொட்டியை அரிந்ததுபோல நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுப் படங்களாக வரும். நாங்கள் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கலைத்து, சிலவற்றைப் பயிற்சிக்கும் மற்றவற்றைத் தேர்வுக்கும் ஒதுக்கியிருந்தோம். ஆக, ஒரே மனிதரின் 40ஆம் துண்டு பயிற்சியிலும் 41ஆம் துண்டு தேர்விலும் இருந்தன. அந்த நிரல் அடையாளம் கண்டது நோயை அன்று, ஆளை. ஆட்களைத் தனித்தனியே பிரித்து, அது ஒருமுறையும் காணாத மனிதர்களைக் காட்டியபோது மதிப்பெண் சரிந்தது. பல ஆய்வுகளில் இதே பிழை நுழைந்திருப்பதால்தான் இதை எங்கு போனாலும் சொல்கிறேன்: காணாத மனிதரிடம், வேறொரு மருத்துவமனையின் வேறொரு கருவி எடுத்த படத்தில் தேறினால்தான் அது தேர்ச்சி.

2018இல் வெளியான ஓர் ஆய்வு, மூளை குளுக்கோஸைச் செலவிடும் அளவைக் காட்டும் பெட் ஸ்கேனைப் பயன்படுத்தியது. பயிற்சியில் சேர்க்காமல் தேர்வுக்கென்று ஒதுக்கிய 40 பேரில், பின்னர் அல்சைமர் உறுதியான அனைவரையும், மருத்துவர் முடிவுக்குச் சராசரியாக 6 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆய்வின் ஆழ்கற்றல் நிரல் கண்டுகொண்டது. நோயற்ற சிலரையும் நோயுள்ளவர் என்றது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 40 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. மருந்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனமேப், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கே உரியது. நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும், குணப்படுத்தாது, சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாகும் என்பதால் இடையிடையே ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் அதைக் கொடுக்கிறார்கள். நன்றி, வணக்கம்.