காங்கேயம் காளைக்கு எந்தக் கல்?

(காங்கேயத்தில் நகைத் தொழிலாளர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

பெரியவர்களுக்கும், பட்டறையை மூடிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்ங்க.

எங்கப்பா கோயம்புத்தூரில் கல் பதிக்கிறவர். மயில், அன்னம், யாளி முகக் காப்பு, ஜடைநாகம் என்று எதைச் செய்தாலும் கண்ணுக்கு உரிய கல்லைக் கடைசியில்தான் பதிப்பார். நகையை அரக்கில் அழுத்திப் பிடித்து, கல் உட்காரக் குழி வெட்டி, ஓரத் தங்கத்தை மெல்லக் கல்மேல் தள்ளுவார். கண் ஒரு நூல் இறங்கினால் மயிலுக்குத் தூக்கம் வந்துவிடும், ஏறினால் பயந்த மாதிரி இருக்கும் என்பார். பூவோ மாங்காயோ செய்யும்போது அந்தக் கவலை இல்லை. விலங்கு என்றால் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறவர் தேடுவார்.

உலகத்தில் இப்படி விலங்கு நகைகளைச் சேகரிப்பவர்கள் பெரிய கூட்டம். பாரிஸில் கார்த்தியே (Cartier) என்ற நகைப் பட்டறையின் சிறுத்தைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1949 இல் செய்த ஒரு சிறுத்தை 152.35 காரட் நீலக்கல்மேல் உட்கார்ந்திருக்கும். 1952 இல் வைரமும் ஓனிக்ஸ் என்ற கருப்புக் கல்லும் பதித்துச் செய்த கைக்காப்பில், சிறுத்தையின் உடம்பு முழுக்க மூட்டு மூட்டாக அசையும். அது 2010 இல் லண்டனில் 45 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. கல்லின் எடைக்காக மட்டும் யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். அந்த உடம்பு வளைகிற இடத்தில் கற்கள் பெரிதும் சிறிதுமாகத் தரம் பிரிந்து நிற்கின்றன பாருங்கள், விலை அங்கே இருக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல். 1985 இல் அங்கே பெரிய அளவில் அகழாய்வு தொடங்கியது. படிகம், கடல்நிறப் பெரில், நீலம், செந்நிறச் சூதுபவளம், வரி ஓடும் அகேட் எல்லாம் கிடைத்தன. முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால் வியாபாரி கொண்டுவந்தது என்று சொல்லிவிடலாம். பட்டை தீட்டாத கல், உடைத்துப் பாதி வேலை செய்தது, துளை போடும்போது விரிந்து ஒதுக்கியது என்று எல்லாமே மண்ணுக்குள் இருந்தன. அது பட்டறைதான். பதிற்றுப்பத்து சொல்லும் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ இந்த ஊர் வேலைதான் என்கிறார்கள். அங்கே ஒரு வெண்கலப் புலியும் கிடைத்தது. ஒரு சாண்கூட இருக்காது. உடம்பில் சூதுபவளம் முதலான கற்களைப் பதித்திருக்கிறார்கள். பாரிஸ் சிறுத்தைக்குக் கிட்டத்தட்ட 2,000 வருஷம் மூத்த புலி! அதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பக்கத்துப் படியூரில் பெரில் தோண்டினார்கள். 1819–20 இல் வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே சுரங்கம் நடத்தியிருக்கிறார். மழை பெய்தால் காட்டில் கல் பொறுக்கப் போன கதை இங்கே பாதிப் பேர் வீட்டில் இருக்கும்.

என் கேள்வி இதுதான். கல் இங்கே இருக்கிறது, கை இங்கே இருக்கிறது. காங்கேயம் காளையைக் கல்லில் ஏன் நாம் செய்வதில்லை? ஒரே அச்சில் வார்த்த மயிலையே எத்தனை கடையில் பார்ப்பது? மெழுகு வார்ப்பை நான் குறை சொல்லவில்லை, அதில் அளவு துல்லியமாக வரும். ஆனால் காளையை வார்ப்பவர் தொழுவத்தில் போய் நின்று பார்த்திருக்க வேண்டும்.

கன்று செந்நிறமாகப் பிறக்கும், ஆறு மாதம் ஆவதற்குள் சாம்பலாகும். வளர்ந்த காளைக்குத் திமிலும் கழுத்தும் தொடையும் கருக்கும். அப்போது நடு உடம்புக்குக் காங்கேயத்தில் கிடைக்கும் வெளிறிய சந்திரகாந்தக் கல், அதிலிருந்து திமிலை நோக்கிப் போகப் போக அடர்ந்துவரும் புகைநிறப் படிகம். கன்றுக்குச் சூதுபவளம். கல்லுக்குக் கல் நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் பத்து நாளாவது ஆகும். கொம்பு அதைவிடக் கஷ்டம். பின்னால் போய், அகன்று, நுனிகள் மறுபடி நெருங்கி வளையமாக வர வேண்டும். படிகத்தில் கடைந்தால் சாணையிலேயே உடையும். கொம்பைத் தங்கத்தில் செய்யலாம் என்பது என் எண்ணம், உங்களில் மூத்தவர்கள் வேறு வழி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். செய்தவர் பேரை வயிற்றுப் பக்கம் பொடி எழுத்தில் பொறியுங்கள். எங்கப்பா செய்த நகை எத்தனையோ வீட்டில் இருக்கிறது. எது என்று காட்ட எனக்கு வழியில்லை.

மேசையில் பதினாறு கல் வைத்திருக்கிறேன், வெளிறியதிலிருந்து கருத்தது வரை. பக்கத்தில் மெழுகில் பிடித்த ஒரு திமில். வந்து அடுக்கிப் பாருங்கள். ஒன்பதாவது கல்லுக்கும் பத்தாவது கல்லுக்கும் நடுவே நிறம் தாவுகிறது, எனக்கு அது சரியாக வரவில்லை.