நம்பாடுவானின் ஏகாதசி

நேயர்களுக்கு வணக்கம். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசிக்குக் கைசிக ஏகாதசி என்று பெயர். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் கூட்டம் இதற்கு வராது. ஆனாலும் விரதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த நாளைத்தான் காட்டுவேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. அமாவாசை கழிந்து 120 பாகையில் ஏகாதசி பிறந்து 132-இல் முடியும். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் திதி 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி வரைக்கும் நீளலாம். சூரிய உதயத்துக்கு நான்கு நாழிகை (96 நிமிடம்) முன்பு தசமி மிச்சமிருந்தால், வைணவர்கள் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் விரதம் இருப்பார்கள். பக்கத்து வீட்டில் இன்று, நம் வீட்டில் நாளை என்று வருவது இதனால்தான்.

சரி, கதைக்கு வருவோம். வராக புராணத்தில் பூமாதேவிக்கு வராகப் பெருமாளே சொல்வது இது. இடம் நம் நெல்லைச் சீமையில் மகேந்திரகிரி அடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடி. கோயிலுக்குள் போக அனுமதி இல்லாத குலத்தில் பிறந்தவர் நம்பாடுவான். இரவு முடியும் வேளையில் தினமும் வந்து, வெளியே நின்று வீணை மீட்டி, அந்தக் கோயில் பெருமாளான நம்பியைப் பாடி எழுப்புவார். ஒரு கார்த்திகை ஏகாதசி இரவில், விரதத்தோடு வந்தவரை வழியில் ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அகோரப் பசி. "பாடிவிட்டு வந்துவிடுகிறேன், பிறகு தின்னு" என்றார் இவர். அவன் நம்புவானா? பதினெட்டுச் சத்தியம் செய்தார். நாராயணனை மற்றத் தெய்வங்களோடு சமமாக நினைப்பவன் போகும் நரகத்துக்குப் போவேன் என்ற கடைசிச் சத்தியத்தில்தான் பிடியை விட்டான்.

பாடி முடித்துத் திரும்பும்போது ஒரு கிழவர் வழிமறித்து, வேறு பாதையில் தப்பிப் போகச் சொன்னார். வந்தது நம்பிதான்! உயிர் போனாலும் வாக்குத் தவற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நம்பாடுவான் நேரே ராட்சசனிடம் போய் நின்றார். அதற்குள் இவனுக்குப் பசி போய்விட்டது. பாட்டின் பலனைக் கொடு என்று கெஞ்ச ஆரம்பித்தான். முழுப் பலன், பாதிப் பலன், ஒரு யாமத்துப் பலன் என்று பேரம் இறங்கி, கடைசியில் கைசிகப் பண்ணில் பாடிய ஒரே ஒரு பாட்டின் பலனில் நின்றது. அதைக் கொடுத்ததும் அவன் சாபம் நீங்கியது. யார் அவன்? யாகத்தில் பிழை செய்து ராட்சசனாகிவிட்ட சோமசர்மா என்ற அந்தணன்.

சாப்பிடாமல் இருந்தது அவர் விரதத்தில் ஒரு பகுதிதான். கண்விழித்தார், பாடினார், சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுக்க வந்தார், சேர்த்த புண்ணியத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார். அரிசியை விலக்கிவிட்டு ரவா உப்புமாவும் கோதுமை அடையும் இரண்டு ஆள் அளவுக்குச் சாப்பிடுவது நம் சமத்து! உள்ளே போக விடாத ஒருவர்தான், யாகம் செய்த அந்தணனைக் கரையேற்றுகிறார். இதை ஸ்ரீரங்கத்தில் பெருமாள் முன்பாகவே வாசிக்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

திருக்குறுங்குடிக்குப் போனால் கொடிமரம் சற்று விலகி நிற்பதைப் பார்க்கலாம். நம்பாடுவான் பார்ப்பதற்காக நம்பி விலகச் சொன்னார் என்பது ஊர் வழக்கு. கைசிக நாடகமும் அங்கே இரவில் நடக்கிறது. நலிந்துபோயிருந்ததை 1999-இல் மீட்டெடுத்தார்கள்.

விரதம் இருக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எட்டு வயதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் உபவாசம் கட்டாயமில்லை என்று சாஸ்திரமே விலக்குத் தருகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பால், பழம் போதும். துவாதசி காலையில், அந்தத் திதியின் முதல் கால் பகுதியான ஹரிவாசரம் கழிந்த பிறகுதான் பாரணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுவது. அந்த நேரத்தைப் பஞ்சாங்கத்தில் முதல் நாளே பார்த்து வைத்துவிடுங்கள். பாரணைக்குச் சேர்க்கும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் மார்க்கெட்டில் அன்றைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வணக்கம்.