திப்பிக்குள் பங்காளிச் சண்டை

(ஏற்காட்டில் காளான் வளர்ப்போரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

சேலத்திலிருந்து மலையேறி வந்த நண்பர்களே, ஏற்காட்டுத் தோட்டக்காரர்களே, வணக்கம்.

என் கையில் இருப்பது காபித் தொலியில் பூஞ்சை வளர்த்துச் செய்த கட்டி. பசை ஒரு சொட்டும் இல்லை. பூஞ்சை இழையே தொலியைப் பின்னி இறுக்கியிருக்கிறது. பின்னிய பிறகு சூட்டில் உலர்த்திப் பூஞ்சையைக் கொன்றுவிட்டோம். கண்ணாடிச் சாமான் கட்டி அனுப்பத் தெர்மாகோலுக்குப் பதில் இதை வைக்கலாம். ஆனால் இந்த மூலையை அழுத்துங்கள், ரஸ்க் போல உதிர்கிறது. இங்கே இழை ஓடவே இல்லை, பாக்டீரியா முந்திக்கொண்டது.

தவறு என்னுடையதுதான். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பி மலிவாகக் கிடைத்தது. சரியாகப் பிழியாமல் கலந்துவிட்டேன். அதில் மாவு மிச்சம், ஈரமும் மிச்சம். பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு! மூன்றாம் நாள் பையைத் திறந்தால் புளித்த வாடை.

"வேகவைத்தீர்களே, பாக்டீரியா எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகள் வித்தாக உறங்கும்போது கொதிநீருக்கும் அசையாது. 1877-இல் டிண்டல் என்ற அறிஞர் உலர்புல் ஊறிய நீரை வைத்துக்கொண்டு இதனோடுதான் மல்லாடினார். ஒரே மூச்சில் கொதிக்கவைப்பதை விட்டு, இடைவெளி கொடுத்துத் திரும்பத் திரும்பச் சூடேற்றினார். இடைவெளியில் வித்து முளைக்கும். முளைத்தது அடுத்த சூட்டில் சாகும். இன்று அழுத்தக் கலனில் 121 டிகிரி வைக்கிறோம்.

அதற்காகப் பாக்டீரியா எல்லாமே பகையா? மொட்டுக் காளான் வளர்ப்பவரைக் கேளுங்கள். காளான் படுக்கைமேல் பரப்பும் மேல்மண்ணை முழுக்கக் கிருமி நீக்கிவிட்டால் இழை மண்டும், மொட்டு வராது. காளானுக்கு அந்த மணம் தரும் ஆல்கஹாலே மொட்டைத் தடுக்கிறது. சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியா அதைத் தின்று தீர்த்தால்தான் மொட்டு எழும். அதன் பங்காளியான சூடோமோனாஸ் டொலாசி அதே காளானில் பழுப்புப் புள்ளி போட்டு விலையைக் கெடுக்கிறது! கட்டி செய்கிற எனக்கு மொட்டே வேண்டாம், இழை போதும். புட்டிடா உங்களுக்கு நண்பன், எனக்கு வேண்டாத விருந்தாளி.

இன்னொன்று. ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்ற பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கும். அருகில் கால்சியம் இருந்தால் சுண்ணாம்பாகப் படியவைக்கும். பூஞ்சை இழையைச் சாரமாக்கி அதன்மேல் இதைப் படியவைத்து ஆய்வுக்கூடங்களில் சோதிக்கிறார்கள். இழை பின்னல் தரும், சுண்ணாம்பு விறைப்புத் தரும்.

நான் அடுத்த பையில் திப்பியைத் துணியில் கட்டிப் பிழிந்து, தொலியோடு கைப்பிடி அளவே சேர்த்தேன். அந்தக் கட்டி இதோ, முன்வரிசையிலிருந்து கைமாற்றுங்கள். மூலையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.