பரணில் ஏறிய வட்டி

(கேரள எல்லையோரத்துப் புளியரையில் மகளிர் குழுக்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

மேடையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஐயா அவர்களே, என் இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, இந்தச் சாரலில் நனைந்துகொண்டு கோட்டைவாசல் தாண்டி கேரளத்திலிருந்து வந்திருக்கும் ஆரியங்காவு குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளே, எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா, மைனி, தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அம்மாவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். மேலத்தெருவில் விளக்கு எரியவில்லை என்று திங்கட்கிழமை போய் நின்றோம், வியாழக்கிழமை எரிந்தது. செயலாளர் ஐயா, நகையை வைக்க வருகிற பெண்களை நிற்கவைக்காமல் பெஞ்சு போட்டு உட்காரவைக்கிறவர். சின்ன விஷயம்தான், ஆனால் அடகு வைக்கப் போகிறவளுக்குத்தான் அந்தப் பெஞ்சின் அருமை தெரியும். ஆசிரியர் ஐயா இன்றைக்குத் தம் வீட்டு நாற்காலிகளையே அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கத்துச் சகோதரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலம் பிரியும்வரை நாம் எல்லோரும் ஒரே திருவிதாங்கூர்ச் சீமைக்காரர்கள்தானே. எங்கள் ஆச்சி கடைசிவரை சக்கரத்தில்தான் கணக்குச் சொல்வாள். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். பள்ளிக்கூடம் போகாதவள், சுருக்குப்பையை அவிழ்க்காமலே உள்ளே எத்தனை சக்கரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அவள் அடிக்கடி சொல்வது, "கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு." கால் வயிறுதான் நிறையும், ஆனால் நிம்மதியாக நிறையும் என்பாள். இதை நான் இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். வரவு செலவு நோட்டு, கடனை எந்த வரிசையில் அடைப்பது, கடைசியாகப் பரண்.

நோட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பது பக்க நோட்டுப் போதும். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது. ஒரு மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். எழுத ஆரம்பித்ததும் நான் கண்டது, ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது, வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டுக் கடையில் எத்தனை கொடுத்திருக்கிறேன் என்பதுதான். நம் எல்லைக்கு மட்டும் உரிய ஒரு செலவும் உண்டு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே நின்றுபோனது. ஆனால் கேரளத்துக்குப் பஸ் ஏறினால் அரை மணியில் சீட்டு கிடைக்கிறது. ஓணம் பம்பர் ஒரு சீட்டு 500 ரூபாய். 25 கோடி விழும் என்று வாங்குகிறார்கள். உங்கள் வீட்டு ஆம்பளைகள் வாங்கினால் அதையும் வலது பக்கம் எழுதுங்கள், திட்ட வேண்டாம். வருஷக் கடைசியில் கூட்டி அவர் கையில் நோட்டைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது ஒன்றே போதுமாக இருந்தது.

அடுத்து, கடனின் வரிசை. எது பெரிய கடன் என்று பார்க்காதீர்கள், எது அதிகம் தின்கிறது என்று பாருங்கள். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருகிறார். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டுகிறோம். 1,500 தானே வட்டி என்று தோன்றும். ஆனால் தினமும் அசலில் கொஞ்சம் திருப்பிக்கொண்டே வருகிறோம், சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் நம் கையில் நிற்கிறது. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது வருஷத்துக்கு 24. சங்கத்து நகைக்கடன் அதைவிட மிகவும் குறைவு. ஆக, தண்டல் முதலில், கைமாற்று வட்டிக்கடன் அடுத்து, நகை அதற்கப்புறம், குழுக்கடன் தவணைப்படி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறவர்கள் அதை எடுத்த அன்றே தண்டலில் போடுங்கள்.

சரி, பரணுக்கு வருவோம். என் கதையைச் சொன்னால்தான் இது புரியும்.

2014-இல் என் மகள் கல்யாணம். 2016-இல் எங்கள் கடன் 2,20,000 ரூபாய். தண்டல் பாக்கி பத்தாயிரம், இரண்டு வட்டிக்கு ஒரு லட்சம், நகையில் எண்பதாயிரம், குழுவில் முப்பதாயிரம். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்தேன், எங்க வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போவார். காலை ஆறரைக்குத் தண்டல்காரரின் பைக் வாசலில் வந்து நிற்கும். ஹாரன் கூட அடிக்க மாட்டார், இன்ஜினை அணைக்காமல் நிற்பார். அந்தச் சத்தத்தில் என் சின்னவன் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு உள்ளே ஓடுவான்.

அந்த ஆடி மாதம் நல்ல சாரல், பரண் ஒழுகியது. ஓடு மாற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் கீழே இறக்கினோம். இறக்க இறக்க வந்துகொண்டே இருக்கிறது. எவர்சில்வர் குடம் பதினான்கு. தாம்பாளம் ஒன்பது. பெட்டி பிரிக்காத குக்கர் ஆறு. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தூக்குவாளி. எல்லாம் சீராக வந்தவை, ஒன்றில்கூட ஒரு நாளும் தண்ணீர் பிடித்ததில்லை. நடுவீட்டில் பரப்பி வைத்தால் கால் வைக்க இடமில்லை. எங்க வீட்டுக்காரர் ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். "நாம கடைக்காரங்க மாதிரி இருக்கோம். கல்லாவில மட்டும் ஒண்ணும் இல்ல" என்றார்.

அதில் ஒரு பித்தளைக் குடம். கழுத்தில் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். அந்தப் பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் மங்கலாகத் தெரிந்தது, புனலூர்க்காரர்கள். இன்னும் தேய்த்தேன், கடையநல்லூரில் எங்கள் சொந்தம் ஒருவர். திருப்பினேன். அடிப்பக்கத்தில், வளையத்துக்குள்ளே, யாரும் சுரண்ட மறந்த இடத்தில், என் பெயர். எங்க வீட்டுக்காரர் பெயரோடு சேர்த்து என் பெயர், 1998 என்று வருஷம் போட்டு.

1998-இல் தென்காசியில் என் மைனியின் புது வீட்டுப் பால்காய்ப்பு. வெறுங்கையோடு போக முடியுமா? என் அம்மா போட்ட அரைப் பவுன் கம்மலை அடகுக்கடையில் வைத்து அந்தக் குடத்தை வாங்கினேன். மூன்று மாதத்தில் திருப்பிவிடலாம் என்றுதான் வைத்தேன். வட்டி கட்டினேன், கட்டினேன், அப்புறம் ஒரு பள்ளிக்கூடத் திறப்பு, ஒரு காய்ச்சல், கட்ட முடியவில்லை. கம்மல் மூழ்கிப்போனது. குடம் மைனி வீட்டிலிருந்து கடையநல்லூர் போய், அங்கிருந்து மலை தாண்டிப் புனலூர் போய், நான்காவது கையாகப் பதினாறு வருஷம் கழித்து என் மகளுக்கே சீராக வந்து என் பரணில் ஏறியிருக்கிறது. போன கம்மல் மட்டும் வரவில்லை.

நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. என் மைனி மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவள் வீட்டிலும் தண்ணீர் பிடிக்கக் குடம் இருந்தது, அடுத்த சீருக்குக் கையில் காசு இல்லை. எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

மறுநாள் பாத்திரக்கடைக்கு ஆட்டோவில் ஏற்றிப் போனோம். பித்தளை 41 கிலோ நின்றது, கிலோ 250 ரூபாய். 10,250 கையில் வந்தது. வழியிலேயே தண்டல்காரரைப் பார்த்து முடித்தோம். அடுத்த நாள் காலை ஆறரைக்கு வாசலில் சத்தம் இல்லை. ஆச்சி சொன்ன கால் வயிற்றுக் கஞ்சியை அன்றைக்குத்தான் நான் குடித்தேன். மிச்சக் கடன் அடைய 2019 டிசம்பர் ஆனது.

பரணைக் காலி செய்கிறவர்கள் எவர்சில்வரை எடைக்குப் போட்டால் பெரிதாகத் தொகை வராது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பேப்பர், இரும்பு எடைக்குப் போகும். பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள். அந்தப் பக்கம் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் எத்தனை கழித்தாலும் அடுத்த ஆவணியில் பரண் திரும்ப நிறைந்துவிடும். வாசல் வழியாகத்தானே சீர் வருகிறது? அந்த வாசலை யார் அடைப்பது?

இதைத்தான் நான் மூன்று வருஷமாகத் தெருத்தெருவாகச் சொல்லி வருகிறேன். நம் குழுக்களில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பாத்திரச் சீர் செய்வதை நிறுத்துவோம். சடங்கோ பால்காய்ப்போ கல்யாணமோ, முடிந்ததைக் கவரில் போட்டு, "கடன் அசலுக்கு" என்று எழுதிக் கொடுப்போம். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு என்றால், பக்கத்து வீட்டு வயிறும் அதில் சேர்த்திதான்.

அப்படியானால் விசேஷத்துக்குச் சமைக்கப் பாத்திரம்? அதற்காகத்தானே ஒவ்வொரு வீட்டிலும் அண்டா சேர்த்து வைக்கிறோம். நம் சமுதாய நலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. தலைவர் அம்மாவுக்குத் தெரியும், மூன்று மனு கொடுத்திருக்கிறோம். அந்த அறையில் ஊருக்கென்று அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரை, கரண்டி, தாம்பாளம், ஜமக்காளம் வைப்போம். வேண்டியவர் நோட்டில் எழுதி எடுத்துப் போகட்டும், கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைக்கட்டும். குழுவில் மாதத்துக்கு இருவர் பொறுப்பு. வாடகைக்குச் செங்கோட்டை வரை போக வேண்டாம், கடன் வாங்கிப் பாத்திரம் வாங்கவும் வேண்டாம். பாத்திரம் புதிதாக எதுவும் தேவையில்லை. உங்கள் பரணில் இருப்பதில் பத்தில் ஒன்று போதும், இந்த ஊருக்கே மிஞ்சும்.

தலைவர் அம்மா, மேடையில் வைத்துக் கேட்கிறேன் என்று தவறாக எண்ண வேண்டாம். எங்களுக்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். அந்த அறையின் சாவி வேண்டும். ஓடு ஒழுகுகிறது என்று சொன்னார்கள், ஓடு மாற்றும் கூலியைக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும். ஆசிரியர் ஐயா நோட்டுப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மேஜை மேல் இருப்பது என்ன என்று வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அந்தக் குடம்தான். பரணில் இருந்த பித்தளையில் இதை மட்டும் நான் எடைக்குப் போடவில்லை. அந்த அறைக்கு முதல் பாத்திரமாக இதைக் கொடுக்கிறேன். இதில் இருக்கும் நான்கு பெயரும் அப்படியே இருக்கட்டும், ஐந்தாவதாக எதையும் வெட்ட வேண்டாம். பின் வரிசையிலிருந்து ஒரு தாள் வருகிறது, கொடுக்கக்கூடிய பாத்திரத்தையும் தெருப் பெயரையும் எழுதி முன்னால் அனுப்புங்கள். மைனி, பேனா உங்களிடம்தான் இருக்கிறது.